அழுக்கும் அறமும்: சலவை இயந்திரம் எழுப்பும் ஓர் ஒழுக்கவியல் வினா

உடையைத் தூயதாக வைத்திருத்தல் நாகரிக வாழ்வின் முதற்கூறுகளுள் ஒன்றாக எல்லாச் சமுதாயங்களிலும் மதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின், உடையைத் தூயதாக்குபவரை அச்சமுதாயங்கள் அவ்வாறு மதித்தனவா என வினவின், வரலாறு தரும் விடை பெருமைக்குரியதன்று. வெண்மையை விரும்பியோர் பலர். வெளுத்தவரைத் தம்மோடு சரிநிகராக இருத்தியோர் மிகச் சிலர். இன்று நம் நகர்ப்புற வீடுகளில் அத்தொழிலை ஓர் இயந்திரம் செய்கின்றது. துணியை இட்டு, சவர்க்காரத் தூளை இட்டு, பொத்தானை அழுத்தினால் அது துவைக்கின்றது. வசதி உள்ளோர் வீட்டில் மற்றோர் இயந்திரம் அதனை உலர்த்தியும் தருகின்றது. இம்மாற்றத்தை வசதி பற்றிய செய்தியாக மட்டும் கொள்வோர் உளர். இது அறம் பற்றிய செய்தியுமாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஒரு தொழிலை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின்னர், அத்தொழிலைக் காரணங்காட்டி மனிதர்மீது சுமத்தப்பட்ட இழிவுக்கு என்ன நேர்கின்றது? அந்த இழிவு தொழிலோடு நீங்குகின்றதா? நீங்காதாயின், அது எதனைப் பற்றி நின்றது?

இரு வாதங்கள்

இவ்வினாவைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் உதவுவார். தமது 'அரசியல்' நூலின் முதற் பகுதியில் அடிமை முறையை ஆராயுமிடத்து அவர் ஒரு கற்பனையை முன்வைக்கின்றார். தறியின் ஓடம் தானே நெய்யவும், யாழை மீட்டும் கருவி தானே மீட்டவும் கூடுமாயின், எசமானர்க்கு அடிமைகள் வேண்டியிரா என்பது அக்கற்பனையின் சாரம். அக்காலத்தில் அது நடவாத காரியத்துக்கான எடுத்துக்காட்டு. அதே நூலில் அவர் வேறொன்றையும் கூறுகின்றார். சிலர் இயல்பாகவே ஆளப்படுதற்கென அமைந்தவர் என்பது அது.

ஏற்றத்தாழ்வுக்கு ஆதரவான இரு வேறு வாதங்கள் இங்கே ஒன்றாகக் கலந்து நிற்பதை நாம் காணலாம். முதலாவது தேவை பற்றிய வாதம்: வேலை நடந்தாக வேண்டும், எவராவது அதனைச் செய்தாக வேண்டும், ஆகவே சிலர் செய்கின்றனர். இரண்டாவது பிறப்புப் பற்றிய வாதம்: இன்னார் இதற்கென்றே பிறந்தவர்; ஆகவே இன்னாரே செய்ய வேண்டும். இவ்விரு வாதங்களும் சேர்ந்து நிற்கும்வரை எது தூண், எது பந்தல் என்று பிரித்தறிதல் அரிது. முதல் வாதத்தை முற்றாக நீக்கிப் பார்த்தாலன்றி இரண்டாவதன் வலிமை தெரியவராது. சலவைத் தொழிலைப் பொறுத்தமட்டில் இயந்திரம் அவ்வாறு நீக்கிப் பார்க்கும் வாய்ப்பை நமக்குத் தந்துள்ளது. அரிஸ்டோட்டில் கற்பனை செய்த ஓடம் ஒருவகையில் நம் வீட்டு மூலையில் சுழன்றுகொண்டிருக்கின்றது.

ஓய்வறியாக் கைகள்

தமிழிலக்கியம் சலவைத் தொழிலாளியை மிகப் பழங்காலந்தொட்டே அறியும். சங்கப் பாடல்கள் ஆடை வெளுக்கும் பெண்ணைப் புலைத்தி எனச் சுட்டுகின்றன. குறுந்தொகையின் 330ஆம் பாடலில், அவள் கஞ்சிப்பசை தோய்த்துக் குளத்து நீரில் அலசிய ஆடையின் பிரியாத முறுக்கு, பகன்றைப் பூவின் கூம்பிய தோற்றத்துக்கு உவமையாகின்றது. நற்றிணையின் 90ஆம் பாடல் விழாக்கொண்ட ஊரொன்றைக் காட்டுகின்றது. அங்கே வெளுத்த ஆடை வேண்டுவோர் மிகப் பலர், ஆதலால் அவள் கைக்கு ஓய்வில்லை, இரவிலும் தோய்க்கின்றாள். ஊரார் விழாக் காண்பதற்காக ஒருத்தி விழாவின்றி இருக்கின்றாள் என்பது இப்பாடலின் மையப்பொருள் அன்று. அது காதலர் ஊடலைச் சார்ந்த பாட்டு. எனினும் புலவர் தம் கண்ணிற் பட்டதை மறைக்கவில்லை. புலைத்தி என்னும் அச்சொல் பிற்காலத்தில் எத்தகைய இழிவழக்காயிற்று என்பதை நாம் அறிவோம்.

கண்டி மண்ணுக்கும் இத்தொழிலின் வரலாறு உண்டு. 1660 முதல் 1679 வரை கண்டியரசில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இந்நாட்டுச் சலவையாளரை விவரிக்கின்றார். பானையில் நீரைக் கொதிக்கவைத்து, அதன் மேல் அழுக்குத் துணியை அடுக்கி, ஆவியால் வேகவைத்து, பின்னர் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று பாறையில் அறைந்து வெளுக்கும் முறையை அவர் நுணுக்கமாக எழுதியுள்ளார். நம்மவர் வெள்ளாவி என்று வழங்கும் முறையே அது. அச்சாதியார் தோளில் ஒரு துணியை இட்டுச் செல்லும் வழக்கமுடையவர் என்றும், குயவர் வரையிலான குலத்தார்க்கே வெளுப்பர், அதற்குக் கீழ்ப்பட்டோர்க்கு வெளுக்கார் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். ஆகவே வெளுப்பவர் ஒடுக்கப்பட்டவராய் இருந்ததோடு, தமக்குக் கீழே வேறொருவரை ஒடுக்கும் ஏணியின் ஒரு படியாகவும் வைக்கப்பட்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழர் மத்தியில் இந்த ஏணி இன்னும் கொடியதாய் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையில் கட்டாடி என்று அழைக்கப்பட்டவர், பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட ஐந்து குலத்தாருள் ஒருவராகவே கொள்ளப்பட்டார். ஒடுக்கப்பட்டோர்க்கு வெளுத்த துரும்பர் அவரினும் கீழாக வைக்கப்பட்டனர். தமிழ்நாட்டிற் புதிரை வண்ணார் எனப்பட்டோரின் நிலையும் இதுவே. இமையம் எழுதி 1994இல் வெளிவந்த 'கோவேறு கழுதைகள்' என்னும் நாவல் அவர்தம் வாழ்வை நமக்குக் காட்டிற்று. பிறப்பு, பூப்பு, இறப்பு ஆகிய மூன்று நிகழ்விலும் தீட்டுத்துணியை எடுத்துச் செல்பவர் சலவையாளரே; தீட்டு நீங்கிற்று என்பதற்கு அடையாளமாக வெளுத்த மாற்றுத்துணி கொண்டுவருபவரும் அவரே. சுவாமி எழுந்தருளும் வழியில் நிலபாவாடை விரிப்பவரும், பந்தலில் வெள்ளை கட்டுபவரும் அவரே. கண்டி எசல பெரஹராவில் தந்ததாதுப் பேழையைச் சுமந்துவரும் யானையின் காலடியில் விரிக்கப்படும் பாவாடையும் மரபாகச் சலவைக் குலத்தாரின் ஊழியத்தைச் சார்ந்ததே. அவரின்றி ஊரார்க்குத் தூய்மை இல்லை. ஊராரின் தூய்மை அவருக்கு இல்லை. இம்முரண்பாட்டை நம் முன்னோர் முரண்பாடாகவே உணரவில்லை என்பது வியப்புக்குரியது.

வாசலுக்கு வெளியே

சொந்த வாழ்வை ஆய்வுரையில் நுழைத்தல் முறையன்று எனச் சிலர் கருதக்கூடும். எனினும், இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லையாதலின், அது வந்த வழியை மறைத்தல் நேர்மையாகாது.

என் பாட்டனார், ஹந்தானை மலைக்கு அப்பால் கலஹாவை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றில் டோபியாக இருந்தவர். திங்கட்கிழமைதோறும் லயங்களிலும் உத்தியோகத்தர் வீடுகளிலும் அழுக்கு மூட்டைகளைச் சேர்ப்பார். எழுத்தறியாதவர்; ஆயினும் சேங்கொட்டைப் பாலால் துணியின் ஓரத்தில் இட்ட குறியைக் கொண்டு எது எவர் வீட்டுத் துணி என்பதைப் பிழையின்றிச் சொல்வார். புள்ளி, கோடு, சிலுவை, பிறை என நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளின் குறிகள் அவர் நினைவில் இருந்தன. வீட்டாரின் பெயர்கள் போன்று அக்குறிகளை அவர் மரியாதையோடு சொல்வார். அவ்வீட்டார் அவரை அழைத்தபோது வயது நோக்கவில்லை. சிறு பிள்ளைகளும் அவரை ஒருமையிலேயே விளித்தனர். மூட்டையைப் பின்வாசலிற் பெற்று, பின்வாசலிலேயே கொடுப்பார். தேநீர் கொடுப்பின் அதற்கெனச் சிரட்டையோ, தனிக் கோப்பையோ இருந்தது.

பின்னர் எம் குடும்பம் தோட்டத்தை விட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வந்தது. தந்தையார் கண்டி நகரில் ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றார். தாயார் பாலர் பாடசாலையிற் கற்பிக்கின்றார். 2018இல் தவணை முறையில் ஒரு சலவை இயந்திரம் வாங்கப்பட்டது. வீடு சிறியது, குளியலறையில் இடமில்லை, ஆகவே அதனைச் சமையலறைக்கும் சாமி படத்துக்கும் இடையில் ஒரு மூலையில் வைத்தனர். பாட்டனார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது முதன்முறை துவைத்து முடியும்வரை அதன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியை எடுத்துக் கழுத்துப்பட்டியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்ல, அழுக்கு போயிருக்கு" என்றார். சற்று நேரங்கழித்து, "நாங்க பின்வாசல்லயே நின்னோம். இத உள்ளுக்கே கொண்டாந்து வச்சிட்டீங்க" என்றார். அவர் குறைகூறும் தொனியிற் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்.

அச்சொற்களின் பொருள் எனக்கு விளங்க ஆண்டுகள் சென்றன. தீட்டுத்துணியைத் தொட்டதால் அவர் தீண்டத்தகாதவர் என்பதே ஊர் சொன்ன நியாயம். அந்த நியாயம் மெய்யாயின், அதே துணியை வயிற்றுக்குள் வாங்கிச் சுழற்றும் இயந்திரமும் தீட்டுடையதாதல் வேண்டும். பிள்ளைப்பேற்றுத் துணியையும், நோயாளியின் விரிப்பையும் அது துவைக்கின்றது. எனினும் அதனை எவரும் பின்வாசலில் நிறுத்துவதில்லை. பூவும் பொட்டும் வைத்து, ஆயுதபூசையன்று சந்தனமும் சாத்துகின்றனர். எனவே, தீட்டு அழுக்கிலிருந்து வந்ததன்று என்பது இங்கே பெறப்படுகின்றது. அழுக்கு ஒரு சாட்டு. தீட்டு மனிதருக்கு இடப்பட்ட குறி. சேங்கொட்டைப் பாலிலும் அழியாத குறி.

இக்கூற்றுக்கு மேலும் ஒரு சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தோட்டத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தது. இறந்தவரின் மக்கள் கொழும்பில் உழைப்பவர். வீட்டில் எம்முடையதினும் பெரிய சலவை இயந்திரம் உண்டு. அவ்வீட்டார், மாற்று விரிக்கவும் வெள்ளை கட்டவும் என் தந்தையாருக்கு ஆள் அனுப்பினர். அவர்கள் துணியை எம் குடும்பம் வெளுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. துவைக்க இயந்திரம் உண்டு; வெள்ளைத் துணி கண்டி நகர்க் கடைகளில் விலைக்குக் கிடைக்கும். ஆகவே அங்கே வேண்டப்பட்டது துணியன்று, வேலையுமன்று. ஒரு மனிதர் குனிந்து நிற்கும் காட்சியே வேண்டப்பட்டது. வந்தவரிடம் தந்தையார், "மாத்து விரிக்க வர ஏலாது. பாடை தூக்க வர்றேன்னு போய்ச் சொல்லுங்க" என்றார். பாட்டனாருக்கு அது மனவருத்தம். சாவு வீட்டுக்கு மறுப்புச் சொல்லலாகாது என்பது அவர் கொள்கை. தந்தையார் சென்றார். பாடைக்குத் தோள்கொடுக்க அவரை எவரும் அழைக்கவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. கூட்டத்தோடு நடந்து சென்று திரும்பி வந்தார்.

தேவை பற்றிய வாதம் முற்றாக நீங்கிய பின்னரும் பிறப்புப் பற்றிய வாதம் நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான பரிசோதனை வேண்டியதில்லை. இயந்திரம் வந்தால் சாதி போகும், தொழில்வளம் பெருகினால் ஏற்றத்தாழ்வு தானே கரையும் என நம்பும் நண்பர் எம் பீடத்திற் பலர் உளர். பொருளாதார அடிப்படை மாறாமல் சமுதாயம் மாறாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின், அடிப்படை மாறியவுடன் மேலே உள்ளது தானே உதிரும் என்பது ஓடம் தானே நெய்யும் என்பதைப் போன்ற கற்பனையே. இயந்திரம் அநீதியின் சாட்டை மட்டுமே பறிக்கின்றது. அநீதியைப் பறிப்பது மனிதர் செய்யவேண்டிய வேலை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் எவ்வியந்திரத்தாலும் விளைந்தவை அல்ல.

இயந்திரமும் இல்லாளும்

இனி வீட்டுக்குள்ளே நோக்குவோம். சாதியால் ஒருவர்மீது சுமத்தப்பட்ட வேலையை இயந்திரம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. வீட்டுக்குள் அதனை ஏற்றவர் யார்?

சுவீடன் நாட்டு மருத்துவரும் புள்ளிவிவர அறிஞருமான ஹான்ஸ் ரொஸ்லிங் 2010இல் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையொன்றில், தம் வீட்டுக்கு முதன்முதலிற் சலவை இயந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். வாழ்நாளெல்லாம் விறகு மூட்டி நீர் காய்ச்சிக் கையால் துவைத்த அவர் பாட்டியார், அன்று இயந்திரத்தின் முன் அமர்ந்து முழுவதையும் பார்த்திருந்தாராம். இயந்திரம் தந்த நேரத்தில் தாயார் மகனுக்கு நூல்கள் வாசித்தார் என்பது அவ்வுரையின் உயிர். அவ்வுரையைக் கேட்டபோது முக்காலியில் அமர்ந்த என் பாட்டனாரே என் கண்முன் வந்தார். இயந்திரத்தை வெறுப்பது தூய வாழ்வு எனப் பேசுவோர், பீலிக்கரையில் ஈரத்தில் நின்று துவைத்த பெண்ணின் முதுகை அறியாதவர். மலைக்குளிரில், நாள் முழுதும் கொழுந்தெடுத்துத் திரும்பிய பின், அந்த நீரிற் கைவைத்தோர்க்கே அந்நேரத்தின் அருமை தெரியும்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1974இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வனெக், வீட்டு வேலைக்குச் செலவாகும் நேரத்தை ஆராய்ந்து, அரை நூற்றாண்டுக் கால இயந்திர வளர்ச்சிக்குப் பின்னரும் முழுநேர இல்லத்தரசியரின் வேலை நேரம் குறையவில்லை என்றும், துணி துவைக்கும் நேரம் கூடியே உள்ளது என்றும் காட்டினார். துணிகள் பெருகின; துவைக்கும் தடவைகளும் பெருகின. 1983இல் வெளிவந்த நூலொன்றில் ரூத் சுவாட்ஸ் கோவன், வீட்டுச் சாதனங்கள் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கையே பெரிதும் நீக்கின, தாயின் பங்கை நீக்கவில்லை என நிறுவினார். இயந்திரங்கள் எந்த மனிதரின் நாட்சுமையையாவது குறைத்தனவா என ஐயுற்ற ஜோன் ஸ்ருவாட் மில்லின் கூற்றை எடுத்தாண்டு, மார்க்ஸ் தொழிற்சாலை பற்றிச் சொன்னது சமையலறைக்கும் ஓரளவு பொருந்தும் போலும்.

எம் வீட்டில் நிகழ்ந்ததும் இதுவே. இயந்திரம் வருமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையார் நீர் இறைத்துக் கொடுப்பார். கனத்த விரிப்புகளை நானும் அவரும் இரு முனையிற் பிடித்து முறுக்குவோம். இயந்திரம் வந்தபின், "பொத்தான அமத்துறது தானே" என்ற ஒரு சொல்லில் எங்கள் இருவர் பங்கும் முடிந்தது. துணியைப் பிரிப்பதும், பைகளைச் சோதிப்பதும், காயவைப்பதும், மழைக்கு ஓடி எடுப்பதும், மடிப்பதும், அடுக்குவதும் அம்மாவின் கையிலேயே நின்றன. வேலையின் கடினம் குறைந்தபோது, வேலை செய்பவர்மீது பிறர் கொண்ட இரக்கமும் குறைந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் இயந்திரம் நின்றது. துவைகல்லுக்குத் திரும்பியவர் அம்மா ஒருவரே. வேலை எவரிடம் திரும்பிற்றோ, அவரிடமே பொறுப்பு எப்போதும் இருந்தது என்பது அன்று வெளிப்பட்டது. நாங்கள் அன்றும் முறுக்கிக் கொடுத்தோம். 'உதவி' என்று அதற்குப் பெயரும் இட்டுக்கொண்டோம். தன் உடையைத் தான் துவைப்பவர் எவருக்கும் உதவவில்லை என்பதை எண்ணிப்பார்க்கவில்லை.

இவ்விடத்துக் காந்தியடிகளின் சுயசரிதை நினைவுக்கு வருகின்றது. தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராய் இருந்த காலத்தில், சலவைச் செலவு மிகுதியானதால் அவர் சலவை பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கத் தொடங்கினார், மனைவியாருக்கும் கற்பித்தார். முதன்முதல் அவர் கஞ்சியிட்ட கழுத்துப்பட்டியிலிருந்து மிகுதிக் கஞ்சி உதிர, நீதிமன்றத்திற் சக வழக்கறிஞர் நகைத்தனர். அவர் நாணவில்லை. தற்சார்பை நாடிச் செய்த ஒரு செயல், எத்தொழிலும் இழிவன்று என்னும் கொள்கைக்கும் அவரிடம் துணைநின்றது. ஆயின், தாமாக விரும்பித் துவைத்த வழக்கறிஞரின் நகைப்புக்கும், பிறப்பால் துவைத்த டோபியின் நகைப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர் எந்நாளும் நிறுத்தலாம். தெரிவுச் சுதந்திரம் இருக்குமிடத்திலேயே தொழிலுக்கு மாண்பு உண்டு. தொழிலின் மாண்பைத் தெரிவில்லாதவனுக்கு உபதேசித்தல் அவன் சுமையை மேலும் ஒரு கல்லால் கனப்படுத்துவதாகும்.

வெயிலும் வாக்கும்

உலர்த்தும் இயந்திரம் பற்றி ஒரு சொல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கண்டியில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் துணி உலர்த்துதல் எளிதன்று. பாட்டனார் நோயுற்றுப் படுக்கையிலானபோது, நாளுக்கு இரு விரிப்பு மாற்றவேண்டியிருந்தது, வெளியே அடைமழை. 2023இல் பாவித்த உலர்த்தியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். வெப்பச் சுருளால் இயங்கும் அவ்வகை இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 முதல் 4 அலகு மின்சாரத்தை உண்ணும். வெயில் இலவசமாகச் செய்யும் வேலைக்கு இது பெருஞ்செலவே.

அம்மின்சாரமும் வெறுமனே வருவதன்று. நொக்ஸ் காலத்துச் சலவையாளர் துணியை அறைந்த ஆறுகளுள் பெரியதாகிய மகாவலி, இன்று அணைகளிற் தேங்கி மின்சாரமாகின்றது. 1985இல் திறக்கப்பட்ட விக்ரோரியா அணைக்கட்டின் மின்னிலையம் 210 மெகாவாற் வலுவுடையது. அந்நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகர் கிடக்கின்றது. ஆற்றங்கரைக் கல்லில் ஒருவர் கை செய்த வேலையை, இன்று அதே ஆறு கம்பிவழி வந்து செய்கின்றது. சுமை இல்லாமற் போய்விடவில்லை. நமக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆகவே வெயில் உள்ள நாளில் உலர்த்தியை இயக்காதிருத்தல் கஞ்சத்தனமன்று. எவரோ தந்த விலையை மதித்தலாகும். மழைநாளில், நோயாளியின் பொருட்டு இயக்குதல் ஆடம்பரமன்று, அதுவும் அறமே.

மழையும் துணியும் பற்றிச் சிந்திக்கும் தமிழர் எவருக்கும் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் நினைவுக்கு வராமற் போகார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அவரை ஏகாலியர் குலத்தவர் என வெளிப்படையாகவே கூறுகின்றது. குளிர்காலத்தில், மெலிந்த அடியார் ஒருவரின் கந்தையை வாங்கி, பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தருவதாக அவர் வாக்களித்தார். துவைத்தார், மழை பிடித்தது, விடவில்லை. குளிரால் நடுங்கும் அடியாருக்கு இழைத்த தீங்கை எண்ணி, துணி துவைக்கும் கல்லில் தம் தலையை மோதினார். கல்லிலிருந்து இறைவன் கை எழுந்து தடுத்தது என்பது வரலாறு. அவரை அறுபத்துமூவருள் ஒருவராய்க் கோயிலில் நிறுத்தி வலம் வந்த சமுதாயமே, அவர் குலத்தாரைப் பல கோயில்களின் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று.

பக்தியை ஒருபுறம் வைத்து, அக்கதையின் ஒழுக்கப் பொருளை மட்டும் நோக்குவோம். மழை பெய்தது நாயனாரின் குற்றமன்று. எவரும் அவரைப் பழித்திரார். எனினும் அவர் வானத்தைச் சாட்டாக்கவில்லை. தாம் ஏற்ற துணிக்குப் பின்னால் குளிரில் நிற்கும் ஓர் உடல் உண்டு என்பதையே அவர் கண்டார். அவரிடம் ஓர் உலர்த்தி இருந்திருப்பின் மழை அவரைத் தோற்கடித்திராது. ஆயின் அந்த உடலைக் காணும் கண்ணை உலர்த்தி தந்திராது. இயந்திரம் வேலையை ஏற்கும், வாக்கை ஏற்காது. துணியைத் துவைக்கும், அத்துணியை அணிபவரை அறியாது. பாட்டனார் நூறு வீட்டுக் குறிகளை அறிந்திருந்தார். அந்நூறு வீடுகளும் அவர் பெயரை அறிந்திருக்கவில்லை. அறிதல் ஒருபக்கமாகவே இருந்தது என்பதே அவ்வாழ்வின் அநீதி.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, சலவைத் தொழிலின் இழிவு அழுக்கிலோ வேலையிலோ இருந்ததன்று. அது பிறப்போடு வேலையைக் கட்டியதில் இருந்தது. இயந்திரம் வீட்டுக்குள் இடம்பெற்றமை இதற்குச் சான்று. இரண்டு, இயந்திரம் தேவை என்னும் சாட்டை அகற்றிவிட்டமையால், இன்றும் எஞ்சிநிற்கும் ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் எதுவுமில்லை. மாற்று விரிக்க ஆளனுப்புவோர்க்கும், பொத்தான் தானே என்போர்க்கும் இது ஒருங்கே பொருந்தும். மூன்று, வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.

இயந்திரத்தால் டோபியின் சோறு போயிற்றே, அது பாவமன்றோ எனச் சிலர் இரங்குவர். சோறு போனமை மெய். வேறு வழியின்றி வறுமையில் வீழ்ந்தோர் இருப்பின் அவர்க்குக் கல்வியும் தொழிலும் தரும் கடன், தலைமுறை தலைமுறையாக அவர் உழைப்பைக் கொண்ட சமுதாயத்துக்கு உண்டு. ஆயின், ஒருவரைப் பின்வாசலில் நிறுத்திவைப்பதைத் தருமம் என்று எண்ணி அம்முறை நீடிக்க வேண்டுமென விரும்புதல் இரக்கமாகாது.

பாட்டனார் 2024இல் காலமானார். அவர் கடைசியாகக் கிடந்த விரிப்பை இயந்திரத்தில் இடவேண்டாம் என்றார் தந்தையார். அவரும் நானும் அதனைத் துவைகல்லில் துவைத்து, இரு முனையிற் பிடித்து முறுக்கினோம். எங்கள் வீட்டில் எவரும் எவருக்கும் துவைக்கும் குடியல்லர். எனினும் ஒருவருக்கு ஒருவர் துவைத்துக்கொள்கின்றோம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரத்தின் முன் நிற்பது என் முறை.